வில்லுத் தகட்டுக் கத்தியா, ஸ்டெயின்லெஸ் கத்தியா?

கல்லடியில் எங்கள் குசினியில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று பட்டறையில் லொறி வில்லுத் தகட்டில் அடித்தது. அந்த உருக்கில் கரி (காபன்) ஏறத்தாழ 0.6 வீதம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றியிருப்பதால், சூரை மீனின் நடுமுள்ளில் பட்டாலும் கூர் மடங்குவதில்லை. ஆனால் தேசிப்புளி பட்டதைக் கழுவாமல் வைத்தால் விடிவதற்குள் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், செம்புள்ளி விழும். துரு தின்ற இடம் மொட்டைதான். துடைத்துத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும்.

மற்றது கடையில் வாங்கிய ஸ்டெயின்லெஸ். குரோமியம் 10.5 வீதத்துக்கு மேல் இருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். என்னுடையது மென்மையான ரகம், நாலு மீன் வெட்டினால் வாய் மடிந்துவிடும். கரி கூடிய ஸ்டெயின்லெஸ் வகைகள் இதைவிட நின்று வெட்டும். சரி, மீனுக்கு நான் எடுப்பது பட்டறைக் கத்தியைத்தான். தேசிக்காய், தக்காளிக்கு மற்றது.