'கூகுளில் முதல் பக்கம்' என்று யாராவது கடைக்கு வந்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மதுரையில் சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். எங்கள் பணம் 38,000 ரூபாய் போய்விட்டது. எப்படிப் போனது என்பது நேற்று ராத்திரிதான் முழுசாகத் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுங்குடிச் சேலை செய்து விற்கிறோம். அச்சுச் சுங்குடி இல்லை, கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் உட்கார்ந்து போடுகிறார்கள். விளக்குத்தூண் பக்கம் அச்சடித்தது மலிவாகக் கிடைக்கும்போது, கை முடிச்சுதான் வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்காகத்தான் வெப்சைட் போடலாம் என்று பேச்சு வந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பைபாஸ் ரோட்டுப் பக்கம் மாடியில் ஆபீஸ், வெப்சைட் டிசைனும் எஸ்.இ.ஓ.வும், அதாவது கூகுள் தேடலில் கடையை முன்னால் வரவைக்கும் வேலையும், செய்கிறவர். பெயர் போடவில்லை. நல்ல சட்டை, பணிவான பேச்சு. அம்மா முடிச்சுப் போடுவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். "2005-லயே புவிசார் குறியீடு வாங்கின சேலை இது அக்கா, உலகமே தேடணும்" என்றார். தன் அம்மாவுக்கு என்று ஒரு சேலையும் விலை பேசாமல் வாங்கினார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த நிமிஷமே அவர் நம்ம வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். அப்புறம் போனை எடுத்து ஏதோ ஒரு பொருளைக் கூகுளில் அடித்து, தன் வாடிக்கையாளரின் கடை முதலில் வருவதைக் காட்டினார். அது காசு கட்டிப் போடும் விளம்பரம் என்று இப்போது தெரிகிறது. அந்த மாதிரி முடிவுகளுக்கு மேலே 'ஸ்பான்சர்டு', அதாவது விளம்பரம், என்று குறித்திருக்கும். அவர் விரலை அந்த இடத்தில்தான் வைத்திருந்தார்.

"மெட்டா டேக் பேக்கேஜ்" 20,000. மெட்டா டேக் என்றால் பக்கத்தின் உள்ளே கூகுள் மாதிரி தேடல்களுக்காக எழுதும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத வரி. "கூகுள் ரெஜிஸ்ட்ரேஷன்" 18,000. மொத்தம் 38,000 ரூபாய், முன்பணமாக. தீபாவளிச் சரக்குக்கு நூலும் துணியும் வாங்க வைத்திருந்த பணம் அது.

வெப்சைட் வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கூகுளில் எதைப் போட்டுத் தேடினாலும் வரவில்லை. கடைப் பெயரையே முழுசாக அடித்தாலும் வரவில்லை. போன் செய்தால், "இன்னும் க்ரால் ஆகலைக்கா." கூகுள் இன்னும் வந்து பக்கத்தைப் படிக்கவில்லையாம். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால், "கூகுள்ல அப்டேட் ஓடுதுக்கா, ஊர்ல எல்லாருக்கும் இதே பிரச்சினைதான்." அப்புறம், "டேக் வேலை செய்ய மூணு மாசம் ஆகும்." அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதே இல்லை, ஆபீஸ் பெண்தான் எடுப்பாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் கோயம்புத்தூர் போயிருக்கிறார், சார் சாப்பிடுகிறார். நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்து, லேப்டாப்பில் கலர் கலராக ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார். "இதுக்கு என்ன தம்பி அர்த்தம்?" என்று அம்மா கேட்டதற்கு, "ஏறிக்கிட்டு இருக்கும்மா" என்று சொன்னார். வயசானவளிடம் அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?

நேற்று அக்கா மகள் வந்திருந்தாள், கம்ப்யூட்டர் படிக்கிறவள். எங்கள் சைட்டைத் திறந்து கண்ட்ரோலையும் யூ எழுத்தையும் சேர்த்து அழுத்தினாள். பக்கத்தின் உள் எழுத்தெல்லாம் திரையில் வந்தது. கொஞ்சம் பார்த்துவிட்டு, "சித்தி, இங்க பாருங்க" என்று ஒரு வரியைக் காட்டினாள். ரோபாட்ஸ் என்ற மெட்டா டேக். அதில் நோஇண்டெக்ஸ் என்று இருந்தது. இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்கே சொல்லும் வரி அது. சைட்டைச் சோதனை செய்யும்போது போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க வேண்டியது. எடுக்கவே இல்லை. எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. கடையைத் திறந்து சரக்கை அடுக்கிவிட்டு, வாசலில் 'விடுமுறை' என்று பலகை மாட்டியது போல. இதற்கு 38,000 ரூபாய்!

மீதியையும் அவளே வரி வரியாகப் படித்துச் சொன்னாள். கீவேர்ட்ஸ் டேகில் சுங்குடி, சேலை, மதுரை, கோயில், இட்லி என்று நூற்றுக்கணக்கில் சொற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த டேகை ரேங்கிங்குக்கு, அதாவது யார் முன்னால் வருவது என்ற வரிசைக்கு, பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. ரிவிசிட் ஆஃப்டர் என்று இன்னொன்று, கூகுளைத் தினமும் வரவழைக்கும் என்று எங்களிடம் விற்றது. கூகுள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. டிஸ்கிரிப்ஷன் டேகில் வேறு யாரோ ஒருவருடைய தண்ணீர் சுத்திகரிப்புக் கடை விவரம் இருக்கிறது, அதைக்கூட மாற்றவில்லை. தேடலில் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரி பெரும்பாலும் பக்கத்தில் உள்ள எழுத்திலிருந்தும், சில சமயம் இந்த டேகிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. இந்த டேக் ரேங்கைக் கூட்டாது, ஆனால் படிக்கிறவர் உள்ளே வருவாரா போய்விடுவாரா என்பது அந்த இரண்டு வரியில் இருக்கிறது. டைட்டில், அதாவது தேடலில் தலைப்பாக வருவது, அது ரொம்ப முக்கியம், எல்லாப் பக்கத்திலும் 'ஹோம்' என்று ஒரே சொல். கை முடிச்சு என்றோ மதுரைச் சுங்குடி என்றோ ஒரு பக்கத்தில்கூட இல்லை.

அந்த 18,000 ரூபாய் கூகுள் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. தேடலில் சேர்க்கக் கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. நம் சைட் தேடலில் எப்படி வருகிறது என்று பார்க்கும் சர்ச் கன்சோல் இலவசம், வரைபடத்தில் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலும் இலவசம்.

சரி, அந்த ஒரு வரியை நாமே எடுத்துவிடலாம் என்றால் முடியவில்லை. ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைத்திருக்கும் இடத்தின் பாஸ்வேர்ட் அவரிடம், டொமைன் என்கிற வெப்சைட் முகவரியின் பதிவும் அவர் பெயரில். இன்று காலை கேட்டதற்கு, "ரினியூவல் 12,000 கட்டுங்கக்கா, தர்றேன்" என்கிறார். எங்கள் கடைப் பெயரை எங்களுக்குத் தர 12,000! 38,000 ரூபாயை விழுங்கியது போதவில்லை.

இதில் எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமாக நாலு வார்த்தை. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் வாங்குங்கள். பாஸ்வேர்ட் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். முதல் இடம் உறுதி என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. ஏற்கெனவே சைட் வைத்திருந்தால், கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே அந்த நோஇண்டெக்ஸ் வரி இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கே பாருங்கள்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டோம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களையும் நுகர்வோராக எடுத்துக்கொள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கலர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் மதுரையிலோ மேலூர், திருமங்கலம் பக்கமோ இருந்தால் உங்கள் ரசீதையும் எடுத்து வையுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.