ஜெர்மானியமா, ஜிங்க் செலினைடா, சிலிக்கானா: மூன்று லென்ஸ்கள், ஒரு விஷக் கேள்வி

அகச்சிவப்பு லென்ஸ்கள் மூன்றை மேசைமேல் வைத்தால், லென்ஸ் மாதிரித் தெரிவது ஒன்றுதான். ஜிங்க் செலினைடு வெளிர் மஞ்சளாக இருக்கும், அதன் வழியே மறுபக்கம் தெரியும். ஜெர்மானியமும் சிலிக்கானும் மெருகேற்றிய எஃகு வில்லைகள்போல இருக்கும். முகம் பார்க்கலாம், ஊடே பார்க்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதில் எது விஷம் என்று கேட்டால், பாதிப்பேர் ஜெர்மானியத்தைத்தான் காட்டுகிறார்கள். அது தப்பு. ஆனால் முழுத் தப்பும் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எது எதற்கு உதவும் என்று பார்ப்போம். மனித உடல் வீசும் வெப்பக் கதிர் 9, 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சம் தொடுகிறது. சிலிக்கான் அந்த இடத்தில் கதிரை விழுங்கிவிடும், 3 முதல் 5 மைக்ரான் வரைதான் அதன் ராஜ்யம். எடைக் குறைவில் மட்டும் அதை மிஞ்ச முடியாது: ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம். ஜெர்மானியம் 5.32, ஜிங்க் செலினைடு 5.27. எடை குறைகிறது என்று ஆசைப்பட்டு, ஆளைப் பார்க்க வேண்டிய சாதாரணத் தெர்மல் கேமராவுக்குச் சிலிக்கான் லென்ஸ் வாங்கினால் படம் மங்கலாகத்தான் வரும்.

ஜெர்மானியத்தின் பலம் அதன் ஒளிவிலகல் எண், அதாவது கதிரை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு: சுமார் 4. ஜிங்க் செலினைடுக்கு 2.4தான். எண் பெரிதானால் வளைவு குறைவான, மெல்லிய லென்ஸே போதும். அதற்கு விலையும் உண்டு. பூச்சில்லாத ஜெர்மானியப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் கதிரில் 36 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இல்லாமல் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு பலவீனம் சூடு. 1947இல் முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில்தான் பிறந்தது, ஆனால் சூடானால் கசியும் என்பதால் பின்னால் சிலிக்கானிடம் இடத்தை இழந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், 0.67 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு 1.12. இடைவெளி சிறியது என்பதால் கொஞ்சம் சூட்டிலேயே எலக்ட்ரான்கள் விடுபட்டு, லென்ஸுக்குள் வரும் கதிரை உறிஞ்ச ஆரம்பிக்கும். உறிஞ்சினால் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் உறிஞ்சும். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லென்ஸ் இருட்டிக்கொண்டே போகும். அதனால்தான் 10.6 மைக்ரானில் வேலை செய்யும் வலுவான கார்பன் டை ஆக்சைடு லேசரில் ஜிங்க் செலினைடை வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் எங்கே விழும் என்று காட்டும் சிவப்புக் குறிகாட்டி ஒளியும் அதன் வழியே போவது கூடுதல் வசதி.

அந்த மஞ்சள் லென்ஸிடம்தான் எனக்குப் பயம். ஒருமுறை லேசர் வெட்டும் இயந்திரம் ஒன்றில் லென்ஸைத் துடைக்காமல் ஓட்டிவிட்டேன். மேலே ஒட்டியிருந்த பொட்டளவு கரி சூட்டை இழுத்து, லென்ஸ் 'டக்' என்று விரிசல் விட்டது. திறந்து பார்த்தால் நடுவில் கருகிய குழி, சுற்றிலும் வெளிறிய தூள், அழுகிய முள்ளங்கி மாதிரி ஒரு நெடி. செலினியம் எரிந்த வாடை அது. மூக்கில் பட்டதும் வெளியே வந்து, காற்றோட்டம் போட்டுவிட்டு, நேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். அப்புறம் கையுறை, முகமூடி, ஈரத்துணி, மூடிய பை. துடைப்பத்தால் கூட்டக் கூடாது, தூள் பறக்கும். முழு லென்ஸாக இருக்கும்வரை ஜிங்க் செலினைடு சாது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் செலினைடு என்ற கொடிய வாயு வரும், எனவே அமிலம் கலந்த எந்தத் துப்புரவுத் திரவமும் பக்கத்தில் வேண்டாம்.

ஜெர்மானிய லென்ஸ் உடைந்தால் இத்தனை கலவரம் இல்லை. கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மையாக உடையும், கையைக் கிழிக்கும், அவ்வளவுதான். தொட்டால் தோல் வழியே உடம்புக்குள் போகாது. அரைக்கும்போதும் மெருகேற்றும்போதும் வரும் தூளை மூச்சில் இழுக்காமல் ஈரமாக வைத்து வேலை செய்தால் போதும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் லென்ஸ் தாளும் சரி. ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் வேண்டாம், அது ஜெர்மானியத்தை மெல்ல அரிக்கும். சிலிக்கானைப் பற்றி இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே இருக்கும் பூச்சில் தோரியம் ஃபுளோரைடு இருக்கலாம். அது கதிரியக்கப் பொருள். பூச்சு நன்றாக இருந்தால் தொல்லை இல்லை, உரிய ஆரம்பித்தால் சுரண்டாதீர்கள். நான்காவது போட்டியாளராகச் சால்கோஜெனைடு கண்ணாடியும் உண்டு, கந்தகம், செலினியம் போன்றவை சேர்ந்த கண்ணாடி அது. அச்சில் அழுத்தியே வடிவம் கொடுத்துவிடலாம். 2023 ஆகஸ்டில் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கிய பிறகு இந்தக் கண்ணாடி மேல் பார்வை கூடியிருக்கிறது. அதில் பல வகைகளில் ஆர்சனிக் இருக்கிறது என்பதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். என் தேர்வு: கேமராவுக்கு ஜெர்மானியம், லேசருக்கு ஜிங்க் செலினைடு.

சரி, அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். உலோக ஜெர்மானியம் வேறு, அதன் சேர்மங்கள் வேறு. ஜெர்மேன் வாயு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டெட்ராகுளோரைடு ஈரக்காற்றில் புகைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கக்கும். இரண்டும் தொழிற்சாலைச் சமாச்சாரம், லென்ஸ் வாங்குபவர் கண்ணில்கூடப் படாது. எல்லோருக்கும் எட்டிய ஆபத்து மாத்திரை வடிவில் வந்தது. உடலுக்கு நல்லது என்று 'ஆர்கானிக் ஜெர்மானியம்' மாத்திரைகளையும் டானிக்குகளையும் விற்றார்கள். சிலவற்றில் இருந்தது வெறும் ஜெர்மானியம் டை ஆக்சைடு, தண்ணீரில் கரையக்கூடிய வெள்ளைத் தூள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு, ரத்தசோகை, தசைத் தளர்ச்சி, கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. 1997இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பு இப்படி 31 நோயாளிகளைக் கணக்கிட்டது, சிலர் இறந்தும் போனார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1988இலேயே இவற்றின் இறக்குமதிக்குத் தடை எச்சரிக்கை விட்டிருந்தது. மாத்திரையை நிறுத்திய பின்னும் பிழைத்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.