விளக்கைப் பார்க்காதீர்கள், பருப்பைப் பாருங்கள்

எங்கள் வீட்டு வடிகட்டி ஜக்கின் மூடியில் இருக்கும் விளக்கு போன வாரம் செத்துப்போனது. தண்ணீர் ஒழுங்காக வடிகிறது, கைப்பிடி ஆடவில்லை, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. விளக்கு மட்டும் எரியவில்லை. பேட்டரி மாற்றலாம் என்று மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு திருகுகூட இல்லை. சுற்றிலும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவைத்திருக்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. மூடி தனியாக விற்பனைக்கு இல்லையாம். ஆனால் முழு ஜக்கும் இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறதாம், வாங்கிக்கொள்ளலாமாம்.

அதே தள்ளுபடியைப் பார்த்துவிட்டு, கிளாஸ்கோவிலிருந்து வேலை மாறி இல்ஃபர்டுக்குக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: “அண்ணா, லண்டனில் எல்லோர் வீட்டிலும் இந்த ஜக் இருக்கிறதே, நானும் ஒன்று வாங்கட்டுமா? அப்படியே சென்னையில் அம்மாவுக்கும் ஒன்று எடுத்துப்போகலாமா?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இருந்த கோபத்துக்கு ஒரு வரி போதாது.

முதலில் அந்த விளக்கு. ஜக்குக்குள் செருகும் வடிகட்டிப் பெட்டியான கார்ட்ரிட்ஜை மாற்றியதும் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அன்றிலிருந்து அது நாள் எண்ணும். நான்கு வாரம் பச்சை, அப்புறம் சிவப்பு. அதற்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தாலும் நான்கு வாரம். பொங்கலுக்கு உறவுக்காரர்கள் நிறைந்து, நாள் முழுக்க ஜக்கை நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்தாலும் நான்கு வாரம். மூடி எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று எண்ணும் மாடல்களும் உண்டு, அவை கொஞ்சம் தேவலை. எங்களுடையது தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வேலையைச் சமையலறைச் சுவரில் தொங்கும் முருகன் காலண்டரே செய்துவிடும், கூடவே ராகுகாலமும் சொல்லும்.

லண்டனில் இந்த நான்கு வாரக் கணக்கு ஏன் உதவாது என்பதற்கு, இங்கே குழாயில் வருவது என்ன என்று பார்க்கவேண்டும். தேம்ஸ், லீ ஆறுகளின் நீர், சுண்ணப் பாறைக்குள் தேங்கியிருக்கும் நிலத்தடி நீர் இரண்டும்தான் இந்த நகரத்தின் ஆதாரம். பாதுகாப்பான தண்ணீர், குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம். ஆனால் பயங்கரமான கடின நீர். பல பகுதிகளில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தம்பி விட்டுவந்த கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது; அது மழைநீர் மாதிரி மென்மையானது. அங்கே இருந்தபோது, “நீங்கள் லண்டன்காரர்கள் தண்ணீருக்குப் போய் இவ்வளவு அலட்டுகிறீர்களே” என்று சிரித்தவன்தான் இவன். இப்போது அவன் வீட்டுக் கெட்டிலிலும் வெள்ளை பூக்கத் தொடங்கியிருக்கிறது.

ஜக்கின் கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று கரி, பெரும்பாலும் தேங்காய்க் கொட்டாங்கச்சியிலிருந்து செய்வது. இலங்கையிலிருந்து இந்தக் கரி உலகமெங்கும் போகிறது. நம் கொங்குப் பக்கத்திலும் கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கும் தொழில் இருக்கிறது. நாம் துருவிவிட்டுத் தூக்கி எறிந்ததை ஐரோப்பாவில் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்று நினைத்தால் எனக்கு ஒரு வகையில் பெருமையாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும். இந்தக் கரி குளோரின் வாடையை எடுத்துவிடும். மற்றொன்று ரெசின் என்ற செயற்கைப் பிசின் மணிகள். இவை தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுகின்றன. அந்த ஹைட்ரஜன், கால்சியத்தோடு தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடுகிறது. கெட்டிலில் படிய அதிகம் மிஞ்சுவதில்லை.

ரெசினில் இடம் இருக்கும்வரைதான் இதெல்லாம். ஒரு கார்ட்ரிட்ஜ் 100 லிட்டர் வடிகட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால், அந்த 100 லிட்டரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு 25 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பெட்டிக்குள் அத்தனையையும் பிடித்து வைக்கவேண்டும். குடிக்கவும் சமைக்கவும் இதையே எடுக்கும் எங்கள் வீட்டில் நான்கு வாரத்துக்கு 100 லிட்டர் போதவே போதாது. ரெசின் நிறைந்துவிட்டால் கால்சியம் தடையில்லாமல் கீழே இறங்கும். வேடிக்கை என்னவென்றால், கரி அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். குளோரின் வாடை வராது, குடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நாக்குக்கும் தெரியாது, விளக்குக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பருப்புக்குத் தெரியும்.

இந்த ஜக்கை வாங்கும்போது தேநீரைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். பருப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை. லண்டன் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் துவரம்பருப்புக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. குக்கரில் ஐந்து விசில் விட்டாலும் திறந்து பார்த்தால் தண்ணீர் மேலே தெளிந்து நிற்கும், பருப்பு அடியில் தனித்தனியாகக் கிடக்கும். மத்தைப் போட்டுக் கடைந்தால் நொய்யாகுமே தவிர மசியாது. சாம்பாரைத் தட்டில் ஊற்றினால் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். கடையை மாற்றினோம், பருப்பை மாற்றினோம், குக்கரின் ரப்பரை மாற்றினோம்.

மாமியார் வந்திருந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், பருப்பு வேகவைக்க மட்டும் தனியாக நல்ல தண்ணீர்க் குடம் வைத்துப் பழகியவர். ஒரு வாய் சாம்பார் சாப்பிட்டுவிட்டு, “மாப்பிள்ளை, இது உப்புத் தண்ணீரில் வெந்த பருப்பு” என்றார். தண்ணீரில் உப்பே இல்லை என்று விளக்கினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் யாரையும் கேட்காமல் ஜக்கிலிருந்த தண்ணீரை எடுத்துக் குக்கரில் ஊற்றினார். மூன்றே விசில். மூடியைத் திறந்தபோது பருப்பின் விளிம்புகள் கரைந்து, மேலே மஞ்சளாக ஒரு குழைவு நின்றது. கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு சுழற்று, மசிந்துவிட்டது. மத்தே தேவைப்படவில்லை.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பருப்பின் செல் சுவர்களில் பெக்டின் என்று ஒன்று இருக்கிறது. வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் அது பெக்டினோடு சேர்ந்து இறுகிவிடும், கரைய விடாது. கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஊறவைப்பதே ஜக் தண்ணீரில் என்றால் இன்னும் நல்லது. பழைய பருப்பு எந்தத் தண்ணீரிலும் அடம்பிடிக்கும், அந்தப் பழியை லண்டன் மேல் போடக்கூடாது. ஆனால் ஒரே பையிலிருந்து எடுத்த பருப்பைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நாளும் ஜக் தண்ணீரில் மறுநாளும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் போதுமே என்பார்கள். வேகும்தான். சோப்பு வாடை அடிக்கும் சாம்பாரை அவர்களே சாப்பிடட்டும்.

இதனால் ஒரு லாபம் கிடைத்தது. புது கார்ட்ரிட்ஜ் போட்ட வாரம் மூன்று விசிலில் குழையும் பருப்பு, மூன்றாவது வாரம் நெருங்கும்போது நான்கு கேட்கும், பிறகு ஐந்து கேட்கும். மூடியில் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். யாரை நம்புவது? இப்போதெல்லாம் பருப்பு சொல்லும் நாளில்தான் மாற்றுகிறோம். விளக்கு செத்ததால் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் நிற்கவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். உபயோகமே இல்லாத ஒன்றை ஒட்டிவைத்து, அதற்கும் சேர்த்து விலை வாங்கி, அது கெட்டதும் ஜக்கையே மாற்றச் சொல்கிறார்கள்.

தேநீரைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடின நீரில் பால் சேர்க்காத தேநீர் போட்டுக் கொஞ்சம் ஆறவிட்டால், மேலே எண்ணெய் படிந்ததுபோல ஓர் ஆடை மிதக்கும். கோப்பையின் உள்பக்கம் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். ஜக் தண்ணீரில் அது கிடையாது. நிறமும் கறுத்துப்போகாமல் செம்மையாக இறங்குகிறது. காபி டிகாக்ஷனில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மனைவி தெரிகிறது என்கிறார். கெட்டிலுக்கு வினிகர் ஊற்றிக் கொதிக்கவைக்கும் வேலை மிகவும் குறைந்துவிட்டது.

சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு. மேல்தட்டில் தண்ணீர் வடிந்து முடிவதற்குள் அவசரப்பட்டுச் சாய்த்தால், வடியாத தண்ணீரும் மூடி வழியாக வழிந்து டம்ளரில் கலக்கும். புது கார்ட்ரிட்ஜைத் தண்ணீரில் அமுக்கி ஆட்டிக் காற்றை வெளியேற்றாவிட்டால் வடிவதற்கு யுகமாகும். முதல் இரண்டு ஜக் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடவேண்டும், அப்படியும் சில நாள் கருப்பாகக் கரித்துணுக்கு மிதக்கும். விழுங்கினால் ஒன்றும் ஆகாது. குளோரினை எடுத்துவிட்ட தண்ணீர் என்பதால் வெளியே நாள்கணக்கில் வைக்கக்கூடாது; ஃபிரிட்ஜில் வைத்து அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது. காலி ஜக்கை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் திரும்ப வைக்கும் மகானுபாவர் யார் என்பது எங்கள் வீட்டில் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பேனா மாதிரி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஜக்கில் முக்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, ஏமாற்று வேலை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இங்கே நான் ஜக்கின் பக்கம்தான். இது சவ்வு வழியாகத் தள்ளி உப்பையெல்லாம் பிரிக்கும் ஆர்.ஓ. இல்லை, அப்படி ஒருபோதும் சொல்லிக்கொண்டதும் இல்லை. பைகார்பனேட்டோடு சேர்ந்த கால்சியத்தை எடுக்கும், மற்ற உப்புகளைத் தொடாது. மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் வேறு வகை ஜக்குகளும் விற்கிறார்கள். லண்டன் தண்ணீரில் அவற்றின் கார்ட்ரிட்ஜ் இன்னும் வேகமாகத் தீரும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மொத்தப் பொட்டலமாக வாங்கினால் ஒரு கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய ஐந்து பவுண்டு. விளக்கு சொல்கிறபடி மாற்றினால் வருடத்துக்கு அறுபது, எழுபது பவுண்டில் முடிந்துவிடும். பருப்பு சொல்கிறபடி மாற்றினால் நூறைத் தொடும். ஜக்கை மலிவாக விற்பதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சொந்த வீடு இருப்பவர்கள் குழாயிலேயே மென்னீராக்கி பொருத்திக்கொள்கிறார்கள். அப்போதும் குடிப்பதற்கு ஒரு குழாயைத் தனியாக விட்டுவிடுவது வழக்கம், ஏனென்றால் அது கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைக் கலக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

தம்பிக்குக் கடைசியில் என்ன எழுதினேன்? “வாங்காதே” என்றுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படி என்று அவன் கேட்பான். உருக்கி ஒட்டிய மூடிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அது. இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். நானே நேற்று ஆறு கார்ட்ரிட்ஜ் கொண்ட பொட்டலம் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், செத்த விளக்கோடு இந்த ஜக்கே தொடரட்டும் என்று. வாங்கியே தீருவேன் என்றால் விளக்கோ திரையோ இல்லாத, இருப்பதிலேயே சாதாரணமான மாடலாகப் பார்த்து வாங்கு, தேதியைக் கார்ட்ரிட்ஜின் தலையிலேயே பேனாவால் எழுதிக்கொள்.

அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சென்னை அடுக்குமாடியில் ஒரு நாள் மெட்ரோ தண்ணீர், ஒரு நாள் லாரி, மற்ற நாளெல்லாம் போர்வெல். போர்வெல்லின் உப்பை இந்த ரெசின் எடுக்காது. கிருமிகளையும் கொல்லாது, குடிக்கத் தகுந்த தண்ணீரை மட்டும் ஊற்றவும் என்று ஜக்கோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. சம்ப்பில் கிடந்து, மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, வெயிலில் காய்ந்து வரும் தண்ணீரை இதில் ஊற்றிவிட்டு வடிகட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து. அங்கே ஏற்கெனவே சுவரில் ஓர் ஆர்.ஓ. மாட்டியிருக்கிறது என்று சொன்னாயே, அதன் சவ்வை (மெம்பிரேனை) கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அம்மாவிடம் கேள். அதற்கு ஆகும் செலவை அனுப்பிவை, ஜக்கைப் பெட்டியில் திணிக்காதே.