கந்தல் தாளா, மரக்கூழ்த் தாளா?

19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகம் சேர்க்கப்போகிறீர்களா? சரி, 1840 வாக்கில் வந்ததா, 1890 வாக்கில் வந்ததா? வித்தியாசம் தாளில்தான்.

முந்தையது பெரும்பாலும் பருத்தி, லினன் கந்தலை அரைத்துச் செய்தது. புரட்டினால் துணிபோல வளையும். பூச்சி விட்டுவைத்திருந்தால் இன்னும் பல தலைமுறை தாங்கும். பிந்தையதில் மரக்கூழ் புகுந்துவிட்டது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் ரோசின் என்ற பைன் மரப்பிசினும் சேர்த்தார்கள். அதில் வந்த அமிலம் தாளைத் தின்கிறது. ஓரம் டீ நிறமாகும், மூலையை மடித்தால் அப்பளம்போல ஒடியும். (கடையில் மடித்துப் பார்க்காதீர்கள், புத்தகம் உங்கள் தலையில்தான் விழும்.)

ஆனால் படிக்க? 1835-இல் அச்சுக் கட்டுப்பாடு விலகியபின் இந்தியர் அச்சகங்கள் பெருகின. உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. இந்தப் பதிப்புகளைக் கந்தல் காலத்தில் தேடிப் பயனில்லை. கிடைப்பதும் பிந்தையதே சுலபம்.

என் ஓட்டு 1890-க்கு. அமிலமில்லாத அட்டைப்பெட்டி ஒன்று வாங்குங்கள். அப்புறம், கிழிசலில் செலோடேப் மட்டும் ஒட்டவே வேண்டாம்.