எஞ்சினைத் திறக்காமலே பிஸ்டன் மாற்றியதாக 64,000 ரூபா வாங்கினார்கள்

முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிற அண்ணமார், தம்பிமார், எஞ்சினைக் கராஜுக்குத் தூக்குவதற்கு முன் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

என்னுடையது 18 அடி பைபர் படகு. 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மீள்குடியேறி வந்த பிறகு கடன்பட்டு வாங்கியது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம். வாடை அடங்கிக் கடல் அமர்ந்த நேரம், அலம்பிலுக்கு நேரே வலையை இழுத்துக்கொண்டு திரும்பும்போது எஞ்சின் உதறத் தொடங்கியது. மெதுவாக ஓட்டினால் தடக்கித் தடக்கி நின்றுவிடும். வேகம் கொடுத்தால் புகைதான் கூடியது, படகு எழும்பவில்லை. ஒரு மணித்தியாலத்தில் கரை பிடிக்கிற தூரத்துக்கு அன்று மூன்று மணித்தியாலம் எடுத்தது.

கராஜில் ஒரு தரம் இழுத்துக் கேட்டுவிட்டு, "றிங் போட்டுது, பிஸ்டனும் அடிச்சிட்டுது, ரெண்டு சிலிண்டரும் மாத்தவேணும்" என்றார்கள். நான் நம்பினேன். புகையும் இழுவைக் குறைவும் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றிங் போனாலும் வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது உண்மையா என்று பார்க்க, பிளக் ஓட்டையில் அழுத்தம் அளக்கிற ஒரு கேஜைப் பூட்டி, திறொட்டிலைத் திறந்துவைத்து, கயிற்றை ஐந்தாறு தரம் இழுத்தால் போதும். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், எவ்வளவென்று உடனே காட்டும். அவர்கள் அதைச் செய்யவில்லை. செய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. 64,000 ரூபா, 12 நாள். கையில் தந்தது மொத்தக் காசு மட்டும் எழுதிய ஒரு துண்டு.

கராஜில் தண்ணீர்ப் பரலுக்குள் எஞ்சினின் கீழ்ப்பகுதியை (காலை) இறக்கி ஓட்டிக் காட்டும்போது எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் கடலில் அதே உதறல்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார். நான் பிறக்கும் முன்பே இந்த எஞ்சின்களோடு பழகியவர். மூடியைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, இதில ஆரும் சாவி வைக்கேல்லையடா."

காட்டினார். பிஸ்டன் மாற்றுவதென்றால் புளொக்கைக் காலிலிருந்து கழற்றி, தலையைத் தூக்கி, கிராங்க் பெட்டியைப் பிளக்க வேண்டும். என் எஞ்சினில் தலையும் புளொக்கும் சேருகிற பொருத்தின் மேலே கொம்பனியில் அடித்த பெயின்ட் வெட்டுப்படாமல் ஒரே படையாக இருந்தது. போல்ட்டுகளின் மூலைகளிலும் பெயின்ட் உரியவில்லை. இடுக்கில் பழைய உப்பு அப்படியே கிடந்தது. "ஓட்டிப் பழக்கிறதுக்கு ஒயில் கூட்டிக் கலக்கச் சொன்னவங்களோ?" என்று கேட்டார். இல்லை. புது பிஸ்டன் போட்டால் முதல் 10 மணித்தியாலமாவது ஒயிலைக் கூட்டி, முழு வேகம் கொடுக்காமல் ஓட்ட வேண்டும். உண்மையில் மாற்றியவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான். கேஜ் வைத்துப் பார்த்தோம். ஒரு சிலிண்டரில் 110 psi, மற்றதில் 105. எங்கள் பழைய பிஸ்டனே சுகமாக இருந்திருக்கிறது.

சரி, பிறகு என்னதான் பிழை? பரலில் ஓடவிட்டு, உதறும்போது எண்ணெய்க் குழாயின் கைப்பம்பை அமத்தச் சொன்னார். அமத்தும்போது எஞ்சின் தெளிந்தால் எண்ணெய்ப் பம்பையோ குழாயில் காற்று இழுக்கிற இடத்தையோ தேட வேண்டும். தெளியவில்லை. எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைத்தார், அடியில் தண்ணீர் இல்லை. பிறகு எஞ்சினை நிற்பாட்டி, மேல் பிளக் தொப்பியைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி புளொக்கில் முட்டக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார். இப்படிச் செய்யாமல் வயரைச் சும்மா தொங்கவிட்டால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மின்பெட்டி அடிபடும். எஞ்சின் செத்தது. கீழ்ப் பிளக்கில் அதையே செய்தார், ஒரு மாற்றமும் இல்லை. கீழ்ச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை! பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டும் அதே கதை. தொப்பியைத் திருகி எடுத்தால் உள்ளே உப்புப் பட்டுப் பச்சை பிடித்திருந்தது. வயரின் நுனியில் அரை அங்குலம் வெட்டி, ஒரு புதுத் தொப்பி திருகினோம். எஞ்சின் பழையபடி பாடியது. கராஜில் அந்தத் தொப்பியைக் கழற்றிப் பூட்டிய ஆட்டத்தில் வயர் தற்காலிகமாகத் தொட்டிருக்க வேண்டும், அதுதான் அன்று நன்றாக ஓடியது.

ஒரு சிலிண்டர் செத்தால் அதற்குள் போகிற எண்ணெய் எரியாமல் புகையோடு வெளியே போகும். 2022 ஓகஸ்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ஆனபோது தொழிலை நிற்பாட்டியவர்களுக்கு ஒவ்வொரு லீற்றரும் என்ன பாடு என்று தெரியும்.

திரும்பிப் போய்க் கேட்டேன். பழைய பிஸ்டன் எங்கே என்றால், "இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு" என்றார்கள். பெயின்டைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்ர எண்ணெய்தான் பிழை என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் என்ன சாமான், என்ன விலை என்று எழுதிய பில் என்னிடம் இல்லை. நீங்கள் அதை வாங்காமல் வராதீர்கள். பழைய சாமானையும் கையில் கேளுங்கள். முற்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் மறுக்கமாட்டார்கள்.

அந்தப் பொருத்தையும் போல்ட்டுகளையும் கிட்டப்பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அண்மையில் பிஸ்டன் மாற்றியதாகக் காசு கொடுத்தவர்கள் இன்றைக்கே மூடியைக் கழற்றி, தலைக்கும் புளொக்குக்கும் இடையில் பெயின்ட் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.