சித்திரை வெயிலும் நைட்ரஸ் பாட்டிலும்: நாலு கோடைக்குப் பிறகு

"காலையில நல்லா அடிக்குது, மத்தியானம் பட்டனை அமுக்குனா ஒண்ணுமே வரல. சொலினாய்டு போயிருச்சாண்ணே?" சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். நைட்ரஸ் என்பது என்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தந்து இழுவையைக் கூட்டும் வாயு; அதைத் திறந்து மூடும் மின்வால்வுதான் சொலினாய்டு. புதுசு வாங்கக் காசு எடுப்பதற்கு முன் பாட்டிலின் பிரஷர் கேஜைப் பாருங்கள்.

என்னுடையது 50 குதிரைத்திறன் கூட்டும் வெட் கிட் (நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிப்பது), 10 பவுண்டு (4.5 கிலோ) பாட்டில். நாலு கோடையாக ஒரே தொல்லை, பிரஷர். ஜெட் (நைட்ரஸையும் பெட்ரோலையும் அளந்து விடும் துளை) அளவெல்லாம் 900–950 பிஎஸ்ஐ பிரஷருக்குக் கணக்குப் போட்டது. 27 டிகிரியில் பாட்டில் 865 காட்டும், 36 டிகிரியில் 1,070ஐ நெருங்கும். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நிழல் இல்லாமல் நிறுத்திய காரின் டிக்கி அந்தச் சூட்டைப் பத்து மணிக்கே தாண்டிவிடும். கிட்டோடு பாட்டில் ஹீட்டர் வேறு தருகிறார்கள். குளிர் நாட்டுக்காரனுக்கு அது தேவை. இங்கே கழற்றி வையுங்கள்.

சொலினாய்டுக்குள் வழியை அடைத்து நிற்கும் சிறு உலோகத் தண்டான பிளஞ்சர் அந்தப் பிரஷரை எதிர்த்துத்தான் மேலே எழும்ப வேண்டும். பிரஷர் ஏறி, வயரிலும் வோல்ட் குறைந்தால் எழும்பாது. சோதிப்பது சுலபம். பாட்டில் வால்வை மூடி, லைனைக் காலி செய்யுங்கள். நாசில் (நைட்ரஸைத் தெளிக்கும் முனை) பக்கக் குழாயைக் கழற்றி வெளியே திருப்புங்கள். பெட்ரோல் சொலினாய்டின் கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) நைட்ரஸ் இறங்கினால், ஸ்டார்ட் செய்யும்போது மேனிஃபோல்டே வெடிக்கும். இப்போது கரண்ட் கொடுத்தால் 'டக்'கென்று சத்தம் வரும். வால்வைத் திறந்துவிட்டு மறுபடி கொடுங்கள். காலி லைனில் 'டக்', நிறைந்த லைனில் மௌனம் என்றால் பிளஞ்சரை இழுக்கும் மின்சுருள் (காயில்) நன்றாகத்தான் இருக்கிறது. அமுக்கிய நிலையில் சொலினாய்டு முனையில் மீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ரிலேயையும் எர்த்தையும் பாருங்கள். எர்த்தை பாடியில் விடாமல் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தால் பாதி வழக்கு தீரும்.

திறக்காமல் போவதாவது பரவாயில்லை. அதிக பிரஷரில் திறந்துகொண்டால்தான் ஆபத்து. நைட்ரஸ் கூடுதலாகப் போகும், பெட்ரோல் பழைய அளவிலேயே வரும். கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகி என்ஜின் தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டன் உருகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போல் கரும்புள்ளி தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். 1,000 பிஎஸ்ஐக்கு மேல் நைட்ரஸைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும் ஆர்ம் சுவிட்சைத் தொடவே கூடாது.

இதற்கு மருந்து ஈரச் சாக்குதான். சணல் சாக்கை நனைத்து பாட்டிலைச் சுற்றி, டிக்கியைத் திறந்து காற்றோட்டத்தில் விட வேண்டும். மதுரையின் வறண்ட காற்று ஈரத்தை இழுக்க இழுக்க, மண்பானை போலக் குளிரும். நடு மத்தியானத்தில் அதுவும் போதாது, ஐஸ் வேண்டும். 900க்கு வந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். 800க்குக் கீழே போனால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகி, இழுவை மந்தமாகும்.

கேஜைப் பார்த்துச் சரக்கு மீதியைக் கணக்கிடாதீர்கள், தராசில் வையுங்கள். 4.5 கிலோவில் ஒரு கிலோதான் மிச்சம் என்றாலும், திரவம் இருக்கும்வரை கேஜ் பழைய எண்ணையே காட்டும்.

இன்னொன்று. குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். டேப்பின் நூல் ஒன்று பிளஞ்சர் அடியில் சிக்கினால் போதும், சொலினாய்டு மூடாமல் கசியும். நாசில் பக்கக் குழாய் நுனியைத் தண்ணீர் டம்ளரில் வைத்து, வால்வைத் திறந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். லைனில் எண்ணெயும் கிரீஸும் படவே கூடாது.

சாலையில் இதற்கு இடமில்லை. ஆர்சியில் இல்லாத மாற்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும். கோவை செட்டிபாளையம் மாதிரி மூடிய ரேஸ் டிராக்குக்குத்தான். அங்கே போய்ச் சேருவதற்குள் டிக்கியில் பாட்டில் வெந்துவிடுகிறது.

சொலினாய்டும் ஜெட்டும் நாலு வருஷமாக ஒரு குறை வைக்கவில்லை. மார்கழியில் அது இழுக்கும் இழுவைக்கு ஈடே கிடையாது. ஆனாலும் இன்னொரு காருக்கு இதை வாங்க மாட்டேன்.