டிசைனர் டைனிங் டேபிள்: பல வருடப் புழக்கத்தில் எது தாங்குகிறது, எது பல்லிளிக்கிறது

ஷோரூமில் எல்லோரும் டேபிளின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். புழங்கப் புழங்கத் தரத்தைக் காட்டிக்கொடுப்பது அடிப்பக்கம்தான். மேற்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பூட்டியிருக்கிறார்கள், பாலிஷ் எந்த வகை, கறையோ கீறலோ விழுந்தால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகளை வைத்தே இந்தப் பகிர்வு. பார்வைக்கு எது அழகு என்பதை அவரவர் கண் முடிவு செய்துகொள்ளட்டும்.

முழுமரத்தில் தொடங்கலாம். மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில், காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை வருடம் ஆனாலும் அது நிற்பதில்லை. சாதாரணமாக அறுத்த பலகைகளைச் சேர்த்த 1 மீட்டர் அகல டேபிளில், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் ஓக் சுமார் 15 மி.மீ. நகரும். வால்நட் 11, தேக்கு 7 மி.மீ. வரை. ரேகை நேராக வரும்படி அறுத்த பலகையில் இது ஏறக்குறைய பாதியாகும். அதன் விலை கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு.

இந்த அசைவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதைப் பார்க்கக் குனிய வேண்டும். சட்டத்தில் நீள்துளை போட்டு, அதில் வாஷரோடு ஸ்க்ரூ இருந்தால் சரி. காடியில் நழுவும் மரக்கட்டையோ, இசட் வடிவ உலோகக் கிளிப்போ இருந்தாலும் சரி. ஸ்க்ரூவை வட்டத்துளையில் இறுக்கியோ பசை போட்டோ ஒட்டியிருந்தால், வறண்ட பருவத்தில் பலகை சுருங்க வழியில்லாமல் பிளக்கும். பெரும்பாலும் பலகைகள் சேரும் கோட்டின் முனையில்தான் முதல் கீற்று தெரியும். அதில் புட்டியை அடைப்பது வீண். ஈரம் கூடும்போது பலகை விரிந்து புட்டியைப் பிதுக்கித் தள்ளிவிடும். முதலில் இறுக்கமான துளையை நீள்துளையாக்க வேண்டும், பிறகுதான் விரிசலைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமாவின் டேபிள்களால் பிரபலமான, விரிசலின் குறுக்கே பதிக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவ மரச்சாவி, விரிசல் மேலும் நீளாமல் பிடிப்பதற்கு இன்றைக்கும் நல்ல வழி. ஒப்புக்கு மேலாக ஒட்டிய மெல்லிய துண்டு வெறும் அலங்காரம். சாவி பலகைக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

டேபிளின் இரு முனையிலும் குறுக்குப் பட்டை வைத்த மாடல்களில், சில மாதங்களில் பட்டை 2, 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டோ உள்ளே போயோ இருக்கும். இதைக் குறை என்று நினைத்துப் புகார் செய்பவர்கள் நிறைய. நடுவில் மட்டும் பசை போட்டு, ஓரங்களை நழுவ விட்ட சரியான வேலையின் அடையாளம் அது. வருடம் முழுக்கத் துளியும் நகராத பட்டையைப் பார்த்தால்தான் சந்தேகம் வரவேண்டும்.

நீட்டித்துக்கொள்ளும் மாடல் வாங்கினால் ஒரு விஷயம். வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும், செர்ரி கருக்கும். கூடுதல் பலகையை அலமாரிக்குள் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து எடுத்தால் வேறு டேபிளுடையது போல் இருக்கும். முதல் ஆறு மாதமாவது அதையும் வெளிச்சத்தில் வையுங்கள்.

வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு, என்றாலே மட்டம் என்பது தவறான எண்ணம். பெரிய வட்ட டேபிளில், ரேகையைக் கதிர்போல் அடுக்கும் வடிவமைப்புக்கு வெனீர்தான் சரி. ஆனால் வழக்கமான வெனீரின் தடிமன் 0.6 மி.மீ. அளவுதான். ஒருமுறை கவனமாக உப்புத்தாள் போடலாம், இரண்டாம் முறை உள்ளிருக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எட்டிப் பார்க்கும். அடிப்பக்கமும் வெனீர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும்.

பாலிஷில்தான் அன்றாட வாழ்க்கை. பியூ (பாலியூரித்தேன்) பூச்சு தண்ணீருக்கும் சூட்டுக்கும் நன்றாகவே தாங்கும். ஆழமான கீறல் விழுந்தால் மேற்பரப்பு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் அதற்கு நேர் எதிர். எளிதில் கறைபடும், எளிதில் சரியாகும். இரண்டில் எது என்று கேட்டால், பத்து வருடக் கணக்கில் எண்ணெய்ப் பூச்சுக்கே எங்கள் ஓட்டு.

எண்ணெய்ப் பூச்சைச் சரிசெய்யும் முறை இது. ஈரத்துணியால் துடைத்து ஓர் இரவு காய விடவும். கறை உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் திட்டாகத் தெரியும். அது எந்தப் பலகையில் இருக்கிறதோ அந்தப் பலகையை ஒரு சேர்ப்புக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை, ரேகையோடு 180, பிறகு 240 எண் உப்புத்தாளால் தேய்க்கவும். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, 10 முதல் 15 நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடவும். துடைக்காமல் விட்ட எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு வாரத்துக்கு ஈரம் படக்கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து விரித்துப் போடவும்.

வட்டக் கறையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள்தான் சிக்கியிருக்கிறது. ஓரிரு நாளில் தானே போகும், அல்லது ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் போகும். கறுப்பு என்றால் நீர் மரத்தையே எட்டி, ஓக்கில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்துவிட்டன. பூச்சை எடுத்து ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போட்டால்தான் மறையும், கையுறை கட்டாயம். இன்னொன்று: பளபளப்புக்கென்று விற்கும் சிலிகான் ஸ்பிரேக்களைக் கிட்டவே விடாதீர்கள். பின்னாளில் மறுபூச்சு அடிக்கும்போது பூச்சு ஒட்டாமல் குழிகுழியாக விலகும், பாலிஷ்காரர் தலையில் கைவைப்பார்.

மார்பிள் வாங்குபவர்களுக்குச் சீலர் (கறை ஊறாமலிருக்கக் கல்லில் பூசும் திரவம்) பற்றிப் பாதி உண்மைதான் சொல்லப்படுகிறது. சீலர் கறையைத் தாமதப்படுத்தும்; அமிலத்தைத் தடுக்காது. மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையோ வினிகரோ பட்ட இடத்தில் கல்லின் மேல்தோலே கரைந்து மங்கும், அது கறையே அல்ல. பளபளக்கும் கறுப்பு மார்பிளில் ஒவ்வொரு கிளாஸ் வட்டமும் தெரியும். மங்கல் ஃபினிஷ் கொடுத்த வெளிர்நிறக் கல்லில் கண்ணுக்கே படாது. ஆகவே மங்கல் ஃபினிஷையே கேளுங்கள்.

எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை அசிட்டோனில் பற்பசை பதத்துக்குக் குழைத்து, 5 மி.மீ. கனத்தில் பூசவும். பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் விட்டு, தாளை எடுத்து முழுக்கக் காய விட வேண்டும். காயும்போதுதான் கறை மேலே இழுபடும். ஈரமாக இருக்கும்போதே சுரண்டிவிட்டுப் பலனில்லை என்பார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். மறுபடி சீலர் போடும் நேரம் வந்ததா என்று அறிய, சில துளி நீரைத் தெளித்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். கல் கருத்தால் வந்துவிட்டது.

ஒற்றைக் கால் டேபிள்களில், கட்டிடக் கலைஞர் ஈரோ சாரினன் நோல் நிறுவனத்துக்காக 1957-இல் வடிவமைத்ததுதான் பலருக்கும் அளவுகோல். மேற்பலகை விளிம்பு கீழ்ப்பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் கல் மெல்லியதாகத் தெரியும். அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு: கூரான விளிம்பில் நாற்காலி முதுகு இடித்தால் சில்லு பெயரும்.

கனிமப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்யும் செயற்கைக் கல்லான சின்டர்டு ஸ்டோன் அமிலத்துக்கும் சூட்டுக்கும் அசராது. ஆனால் விளிம்பில் பலமாக அடிபட்டால் உடையும். பல மாடல்களில் ரேகை மேற்பரப்பில் அச்சானது மட்டுமே என்பதால் பெயர்ந்த இடம் பளிச்சென்று காட்டும். மரப்பலகைகளுக்கு நடுவே எபாக்சி என்ற ரெசினை ஊற்றிய ‘நதி’ டேபிளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சூடான பாத்திரம் அச்சு பதிக்கும், வெயிலில் மஞ்சளாகும், சரியாகக் காயாத மரம் ரெசினை விட்டுப் பிரியும்.

எடையையும் வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். 20 மி.மீ. மார்பிள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ, 2.4 மீட்டருக்கு 1.1 மீட்டர் டேபிளின் பலகை மட்டும் 140 கிலோவைத் தாண்டும். இடம் மாற்றும்போது காலிலிருந்து கழற்றி, பலகையைச் செங்குத்தாக நிறுத்தியே தூக்க வேண்டும். படுக்கைவாக்கில் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் முறியக்கூடும்.